ரேங்க் போனது, பட்டியல் போகவில்லை

2017 மே மாதம் பிளஸ் டூ முடிவு வெளியானபோது மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற அறிவிப்பு இல்லை. அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் காலத்தில் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதுவரை முடிவு வந்த மறுநிமிடம் முதலிடம் பிடித்த பிள்ளையின் வீட்டுவாசலில் கேமராக்கள் வரிசைகட்டும். மறுநாள் பத்திரிகையில் அம்மா லட்டு ஊட்டும் படம் வரும். அந்தக் காட்சி நின்றதில் பலருக்கும் நிம்மதி.

ஆனால் அரசு கைவிட்டதைப் பேனர்கள் எடுத்துக்கொண்டன. இன்று எந்தச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் பிள்ளைகளின் முகமும் அறுநூறுக்கு எடுத்த மார்க்கும் ஆளுயரத்துக்குத் தொங்குகின்றன. இன்ஜினீயரிங் கட் ஆஃபுக்குக் கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது என்று 200க்குத்தான் கணக்கு. மொத்த மார்க்குக்கு அங்கே வேலையே இல்லை. பேனருக்கு மட்டும் அது வேண்டும்.

கல்வித் துறையும் பட்டியலை முழுதாக விட்டுவிடவில்லை. மாவட்ட வாரியான தேர்ச்சி விகிதம் ஆண்டுதோறும் வருகிறது, எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று செய்தியும் வருகிறது. மாவட்டம் பின்தங்கினால் ஆட்சியர் முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்கிறார். அவர் தலைமையாசிரியரைக் கேட்கிறார், தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்கிறார். பாட ஆசிரியர் யாரைக் கேட்பார்? இருட்டிய பிறகும் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருக்கும் பையனைத்தான். நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஆசைப்படும் சில பள்ளிகள், தேறமாட்டான் என்று நினைக்கும் பிள்ளையின் கையில் ஒன்பதாம் வகுப்பிலேயே டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. அந்தப் பிள்ளை எந்தச் சதவீதத்திலும் வராது.

பெரியவர்களின் தவறுக்குப் பிள்ளைகள் தலையில் தீர்வு வைப்பது நமக்குப் பழகிவிட்டது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வின் கதையைப் பாருங்கள். நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே பேசியது. தவறு செய்தவை பள்ளிகள், கண்டுகொள்ளாமல் இருந்தது துறை, தெரிந்தே பணம் கட்டியவர்கள் பெற்றோர். தண்டனை பிள்ளைகளுக்கு: 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருடம் பரீட்சைப் பயத்திலேயே அவர்கள் வளர்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பழைய நோய்க்கு மருந்து என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இதைப் பேசும்போது 'மார்க்கா முக்கியம்?' என்று கேட்டுவிட்டுப் போவது சுலபம். அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும் தாய்க்கும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பெண்ணுக்கும் மார்க்தான் கையிருப்பு. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. அந்தத் தாயின் கவலை நியாயமானது. அதைத் தினமும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துப் பிள்ளைக்குப் பரிமாறுவதுதான் பிரச்சினை.

பயத்தில் பாதி, வழி தெரியாததால் வருவது. தோற்றால் ஒரு வருடம் போச்சு என்று இன்னும் நம்பும் வீடுகள் பல. துணைத்தேர்வு எழுதித் தேறி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர் டிப்ளமோ முடித்து இன்ஜினீயரிங்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதையெல்லாம் முடிவு வந்த அன்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. ஜனவரியிலேயே பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியர் சொல்லிவிட வேண்டும்.

பல பள்ளிகள் அதற்குப் பதிலாக, தேர்வுக்கு முன் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைக்கின்றன. அவரும் தெருவிளக்கில் படித்துக் கலெக்டரானவர் கதையைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு இன்னோர் அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வருடம் முழுவதும் கூடவே இருந்து கேட்கிற ஆள்தான் தேவை. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், மார்க் பார்த்து மாணவர்களைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியில் அந்த ஆலோசகர் இருக்கிறாரா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வீட்டில் செய்ய வேண்டியது சிறியது. முடிவு வரும் நாளில் சித்தப்பாவும் அத்தையும் போன் செய்து மார்க் கேட்காமல் இருக்கலாம். பிள்ளை தானாகச் சொல்லட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருடைய மார்க் ஷீட்டும் வர வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, திங்கள்கிழமைதோறும் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். பேசியும் தெளியவில்லை என்றால் ஆலோசனைக்கு 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணை அழையுங்கள். இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

பேனர் விஷயத்தில் ஓர் ஊர் சேர்ந்தால் போதும். ஒரு பள்ளி மட்டும் நிறுத்தினால் அட்மிஷன் குறையும் என்று தாளாளர் பயப்படுவார். அந்தப் பயம் பொய்யல்ல. ஊரிலுள்ள பள்ளிகள் ஒன்றாகப் பேசி, இந்த ஆண்டு பிள்ளைகளின் முகமும் மார்க்கும் போட்டு யாரும் பேனர் வைப்பதில்லை என்று முடிவெடுத்தால் எவருக்கும் நட்டமில்லை. அச்சகத்துக்கு மட்டும் கொஞ்சம் வருமானம் குறையும்.

பிளஸ் ஒன் பாடத்துக்கு இனிப் பொதுத்தேர்வு என்ற காவல் இல்லை. நீட் தேர்விலும் ஜேஇஇயிலும் அந்த ஆண்டுப் பாடம் இருக்கிறது, கல்லூரிப் பாடத்துக்கு அடிப்படையும் அதுதான். ஆகவே அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவும், தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டமும் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதில் பிளஸ் டூ பாடம் இருந்தால், தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் அன்றே கேட்டுவிட வேண்டும்.