விருந்தாளி சொன்ன கதை, வீட்டுக்காரி சொல்லாத கதை



காலிக் கோட்டைக்கு நீங்கள் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், மதிலின் மேல் காற்று வாங்கி, வெளிச்சவீட்டையும் அதன் அருகே வெள்ளை வெளேரென்று நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அந்தக் கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில்தான் 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இலக்கிய விழா ஆரம்பமானது. ஹோட்டல் உரிமையாளரான ஜெப்ரி டொப்ஸ் அதைத் தொடக்கி வைத்தார். கடற்கோள் தென்கரையைத் துடைத்துச் சென்று அப்போது இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. இடையில் சில வருடங்கள் நின்றுபோன இவ்விழா 2024 இல் மீண்டும் கூடியது. விக்ரம் சேத், டொம் ஸ்டொப்பார்ட் போன்ற உலகறிந்த எழுத்தாளர்கள் இங்கு வந்து போயிருக்கிறார்கள். நம் நாட்டு எழுத்தாளர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து பேசியிருக்கிறார்கள்.

"அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே எல்லாம் இங்கிலீஷ்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விழாவின் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நடக்கிறது. நுழைவுச்சீட்டுக்கும் காசு வேண்டும். அந்தத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களின் பெண்கள் பலருக்கு, விழா என்பது ஜன்னலால் பார்க்கும் ஒரு கூட்டமாகவே போய்விடுகிறது.

ஆனால் காலி எப்போதும் ஒரே மொழி பேசிய ஊரல்ல. 1911 இல் அங்கே ஒரு கல் அகப்பட்டது. வடிகானுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கல். புரட்டிப் பார்த்தால், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு! 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. நம் தமிழும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட பாரசீகமும் அறுநூறு வருடங்களுக்கு முன்பே காலிக்கு வந்துவிட்டன.

வெளியூர் எழுத்தாளர் காலிக்கு வருவதும் புதிய சங்கதியல்ல. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் தெவிநுவர வழியாகக் காலிக்கு வந்தார். அங்கே இப்ராஹிம் என்ற கப்பல் தலைவர் தம் வீட்டில் அவருக்கு விருந்தளித்தார். தம் பயண நூலில் இப்னு பதூதா அந்தப் பெயரை மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

இங்கே சற்று நில்லுங்கள், சகோதரி. தூரதேசத்து விருந்தாளி வந்த அன்று அந்த வீட்டின் அடுப்படியில் யார் நின்றார்கள்? யார் இடித்தார்கள், யார் அரைத்தார்கள்? "யாரோ அரபு நாட்டு மனிதராம்" என்று கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சிறுமி யார்? அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விருந்தாளி சொன்ன கதை இன்றும் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. வீட்டுக்காரியின் கதை அவளோடேயே போய்விட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெரிய நூலை இப்னு பதூதா தம் கையால் எழுதவில்லை. ஊர் திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355 இல் நூல் முடிந்தது. சொல்ல ஒருவர், கேட்டு எழுத ஒருவர். அவ்வளவுதான் வேண்டியிருந்தது!

"எனக்கு எழுத வராதே" என்று சொல்லும் உம்மும்மா உங்கள் வீட்டிலும் இருப்பார். அவருக்குச் சொல்ல வரும். உங்கள் மகளுக்கு எழுத வரும். இடையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், கோட்டைக்குள் பல பழைய வீடுகள் கைமாறிவிட்டன. ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. வீடு விற்கும்போது கட்டிலையும் அலுமாரியையும் லொறியில் ஏற்றலாம். எந்த அறையில் யார் பிறந்தார், எந்தத் திண்ணையில் எந்தக் கல்யாணம் பேசி முடிந்தது என்பதை எதில் ஏற்றுவது? காலியில் மட்டுமா? உங்கள் ஊரிலும் இதுதானே நடக்கிறது.

நம்மில் ஒருத்தி இதைச் செய்து காட்டியிருக்கிறார். எழுத்தாளர் அமீனா ஹுசைன் இப்னு பதூதாவின் இலங்கைப் பயண வழியைத் தேடிச் சென்று, 2020 இல் ஒரு நூலாகவே தந்தார். ஆங்கிலத்தில்தான் எழுதினார். தமிழில் எழுத நமக்கு யார் தடை?

ஆகவே, இந்த மாதத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தேநீருக்குப் பிறகு, வீட்டில் மூத்தவரிடம் மகளை உட்காரவையுங்கள். "உம்மும்மா, நீங்கள் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது?" என்று அவள் கேட்கட்டும். சொல்வதைச் சொல்கிற மாதிரியே எழுதட்டும். திருத்த வேண்டாம். ஊர்ப் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். அடியில் திகதியையும் சொன்னவரின் பெயரையும் போட மறக்க வேண்டாம்.

நான்கு வீட்டுக் கொப்பிகள் சேர்ந்தால், ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து நீங்களும் ஒரு விழா நடத்தலாம். வாசிக்க ஒருத்தி, கேட்கப் பத்துப் பேர், வட்டிலப்பத்துக்கு ஒரு தட்டு. நுழைவுச்சீட்டு வேண்டாம். வெளியூரிலிருந்து கல்யாணம் முடித்து வந்த மருமகள் இருந்தால், அவளையே வருகை தரும் எழுத்தாளராக முன்னால் உட்காரவையுங்கள். அவளிடமும் ஒரு கதை இருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.