ஐந்து வயதைத் தாண்டாத இரட்டையர்

'உப்பின் இப்பின்' என்ற மலேசியக் கேலிச்சித்திரத் தொடர் 2007 நோன்பு மாதத்தில் தொடங்கியது. அன்று கெப்பாலா பத்தாஸில் அதைப் பார்த்துச் சிரித்த பாலர்பள்ளிப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். தொடரின் நாயகர்களான இரட்டையர் இன்னும் தாடிக்கா மெஸ்ரா பாலர்பள்ளியில்தான்.

வயது ஏறாதது குற்றமில்லை. 1989 முதல் 'சிம்சன்ஸ்' பார்ட்டுக்கும் பத்து வயதுதான். ஆனால் அங்கும் பழைய ரசிகர்கள் கொண்டாடுவது முதல் பத்தாண்டைத்தான்.

தொடக்கத்தில் 'உப்பின் இப்பின்' தந்த சிரிப்பு பசியிலிருந்து பிறந்தது. முதன்முதலாக நோன்பிருக்கும் இரண்டு சிறுவர்கள், கோழிக்கால் ஆசை, அக்கா ரோஸின் அதட்டல், பாட்டி ஓப்பாவின் பரிவு. தாய் தந்தையற்ற பிள்ளைகள் என்ற வலி அந்தச் சிரிப்புக்கு அடியிலேயே இருந்தது. பின்னர் அறிவுரை முந்திக்கொண்டது. இந்த வாரம் சுத்தம், அடுத்த வாரம் சேமிப்பு என்று பாடத்தை முடிவுசெய்துவிட்டுக் கதை தேடினால், அதைப் பிள்ளைகளே முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆட்களும் மாறினார்கள். இதே இரட்டையர் வரும் 'கெங்' படத்தை இயக்கிய நிசாம் ரசாக், தொடரின் தயாரிப்புக் குழுவிலிருந்து விலகி, நண்பர்களோடு அனிமோன்ஸ்தா நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் அவர்களுடைய 'போபோய்போய்' தொடர் வந்தது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இன்னொரு குறை உண்டு. 2009-இல் வெளிவந்த 'கெங்' படத்தில் இந்தியச் சிறுவன் ராஜு சாகசக் குழுவில் ஒருவன். தொடரிலோ அவன் எப்போதாவது தலைகாட்டுகிறான். முத்து அங்கிள் பெரும்பாலும் ஒட்டுக்கடையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். புதுக் கதை தேடுவோர் அந்தக் கடைக்குள் நுழைந்து, அவர் கதையைக் கேட்கலாம்.