ஆப்புல பூச்சி இருந்தா எப்படிச் சொல்றது?

பயிர்ல நோய் விழுந்தா வேளாண் அலுவலர்கிட்ட வெறுங்கையோட யாரும் போறதில்லை. செடியை வேரோட புடுங்கி, ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போவோம். எந்த ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியா என்ன மருந்து அடிச்சோம்னு சொல்லுவோம். அதே ஆளுங்க, செல்போன்ல ஒரு ஆப் மக்கர் பண்ணினா மட்டும் "வேஸ்ட்"னு ஒத்தை வார்த்தை எழுதி, ஒரு நட்சத்திரம் குத்திட்டுப் போயிடறாங்க. அதைப் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

கம்ப்யூட்டர்ல வர்ற பிழைக்கு இங்கிலீஷ்ல பூச்சின்னுதான் பேர். 1947 செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள்ள நிஜமாவே ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கிச்சு. பேர் அதுக்கு முன்னாடியே உண்டு. அந்தப் பூச்சியை எடுத்து, நேரத்தைக் குறிச்சு, குறிப்பேட்டிலேயே ஒட்டி வச்சாங்களாம். எனக்கு அந்த வேலை பிடிச்சுது. ஆதாரம்னா அதுதான்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். உர அளவு கணக்குப் போடுற ஒரு ஆப் என் போன்ல இருக்கு. பேர் வேண்டாம். பட்டாவுல பரப்பு ஹெக்டேர், ஏர்னு இருக்கும் இல்லையா? 0 - 40.50-ன்னா ஒரு ஏக்கர். அதைப் போட்டா கணக்கு சரியா வருது. 0 - 08.10-ன்னா 20 செண்ட். அதைப் போட்டா எட்டுக்கு முன்னாடி இருக்கிற சுழியை முழுங்கிட்டு 0.810 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர்னு எடுத்துக்குது. 9 கிலோ யூரியா போதும்ங்கிற இடத்துக்கு 90 கிலோ, முழுசா ரெண்டு மூட்டை! பழைய ஆளு சிரிச்சுட்டு விட்டுடுவான். பட்டணத்துலேருந்து வந்து முதல் போகம் பாக்கிற பிள்ளை நம்பிப் போட்டா? பயிர் தழைச்சு சாஞ்சுடும், இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கொண்டாட்டம். 10 ஏருக்குக் கீழே துண்டு நிலம் வச்சிருக்கிறவனுக்குத்தான் இந்தத் தப்பே வரும்.

நான் அவங்களுக்கு எழுதினது நாலு வரி. என்ன போட்டேன், என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கணும், எந்த எண்ணுக்குச் சரியா வருது. கூடவே போன் மாடல், ஆண்ட்ராய்டு எத்தனை, ஆப் பதிப்பு எண். திரையைப் படம் புடிச்சும் வச்சேன், சர்வே எண்ணை மறைச்சுட்டு. சில பேர் ஆதார் தெரியுற மாதிரியே அனுப்பறாங்க, ஐயா, வேண்டாம். அடுத்தவர் விவரமே ஒரு ஆப்புல கசியுதுன்னா அதை வாட்ஸ்ஆப் குழுவுல போடாம, செஞ்சவங்களுக்குத் தனியாச் சொல்லணும். வேலியில ஓட்டைன்னு தமுக்கு அடிச்சா முதல்ல ஆடுதான் வரும்.

"நம்ம வரிப்பணம், நாம ஏன் பணிவாப் பேசணும்?"னு பக்கத்து வயல்காரர் கேட்டார். அரசாங்க ஆப்புன்னா அவர் கேக்கிறதுல நியாயம் இருக்கு. கோபப்படலாம், தேதி போட்டு மேலிடத்துக்கும் எழுதலாம். ஆனா தப்பு எந்த இடத்துல இருக்குன்னு அந்தத் திட்டுல ஒரு வரியாவது இருக்கணும். அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர் தன் போன்லயும் அதே தப்பை வரவச்சுப் பாத்தாத்தான் கை வைக்க முடியும்.

மூணாம் நாள் ஒரு தம்பி பதில் போட்டார். கோடு போடாம 8.10-ன்னு மட்டும் போட்டா என்ன வருதுன்னு கேட்டார். போட்டுப் பாத்துச் சொன்னேன், அப்பவும் அதே 90 தான். கேள்வி கேட்டா எரிச்சல் படக்கூடாது, வைத்தியர் நாடி பாக்கிற மாதிரி அது. ரெண்டு வாரத்துல புதுப் பதிப்பு வந்துச்சு. மறுபடி போட்டேன், 9 கிலோன்னு காட்டுச்சு. சரியாயிடுச்சுன்னு அதே மெயிலுக்குப் பதில் எழுதினேன்.

எங்க பக்கம் இன்னும் மா, குழின்னுதான் பேச்சு. அதையும் சேர்த்தா நல்லாருக்கும். ஆனா அது பிழை இல்லை, என் ஆசை. அதைத் தனி மெயிலா அனுப்பணும், இந்த நடவு முடியட்டும்.