போர்காட் கல்லும் தாராவிச் சாக்கடையும்

புணே போகும் ரயில் கர்ஜத்தை விட்டு மலையேறும்போது, பாறையை வெட்டி வழிவிட்ட இடங்களை நம்மில் பலர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்போம். அந்தப் போர்காட் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. வெட்டிய பாறையின் பொந்துகளில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் படிகங்கள் பளபளத்தன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்தபோது உண்டான குமிழிகளில் பிற்பாடு விளைந்தவை அவை. சியோலைட் என்று பெயர். 1756-ல் ஸ்வீடன் நாட்டு க்ரோன்ஸ்டெட் வைத்த பெயர் அது. 'கொதிக்கும் கல்' என்று பொருள். சூடாக்கினால், நுண்துளைகளில் அடைந்திருக்கும் நீர் ஆவியாகி நுரைக்கும்.

அண்மையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "நம்ம ஊர்க் கல்தானே சார், மூட்டை மூட்டையா மித்தி ஆத்துல போட்டா சாயம், ரசாயனம் எல்லாத்தையும் உறிஞ்சிடாதா?" 'மினரல் கல்' வடிகட்டி விற்பவர்கள் பேச்சைக் கேட்டு வந்த நம்பிக்கை. வீட்டுக் குழாயில் வருவது பட்சா, வைதர்ணா ஏரித் தண்ணீர், சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு அந்தக் கல்லால் பெரிய பயன் இல்லை என்பது என் அபிப்பிராயம். சாக்கடை விஷயம் வேறு. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மலையில் கிடைக்கும் சியோலைட்டுக்குத் தண்ணீர் மீதுதான் ஆசை. அதன் சட்டத்தில் அலுமினியம் இருப்பதால் எதிர்மின்னேற்றம் உண்டு. சுண்ணாம்பு, அம்மோனியம், ஈயம் போன்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை மென்மையாக்க அந்தக் காலத்தில் பயன்பட்டது இந்தக் குணத்தால்தான். பென்சீன், தின்னர் போன்ற எண்ணெய்க் குணமுள்ள கரிமப் பொருள் வந்தால், தண்ணீர் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். சாய மூலக்கூறோ அந்த வாசலில் நுழைய முடியாத அளவு பெரியது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கும் வகைப் பொருளைக் கல்லின் மேல் பூசினால், எண்ணெய்ப் பசையுள்ள ஒரு போர்வை உண்டாகி, கரிம மாசு அதில் போய் ஒட்டும். 1990-களில் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். கட்ச் பகுதியின் பென்டனைட் களிமண்ணையும் இப்படிப் பக்குவப்படுத்தலாம். அலுமினியத்தை நீக்கி, சிலிக்கா மிகுந்த சியோலைட்டாக்குவது இன்னொரு முறை. அது விலை கூடியது. ஆனால் நிறைந்த பிறகு சூளையிலிட்டு அழுக்கை எரித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். கரியை அப்படிச் சூளையில் போட்டால் கரியே எரிந்துபோகும்!

அதற்காகக் கரியைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் செறிவூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏழெட்டு கபடி ஆடுகளம் ஒளிந்திருக்கிறது. இன்றைக்கும் முதல் இடம் அதற்குத்தான்.

தாராவியில் பழைய ரசாயன டிரம்களைக் கழுவும் பட்டறைகளும் துணிக்குச் சாயம் போடும் இடங்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்த நம்மவர்கள் தோல் பதனிட்ட இடமும் அதுதான். அங்கே வடியும் நீர் மாஹிம் கழிமுகத்தில் சேருகிறது. சேர்ந்த பிறகு அதில் எந்தக் கல்லைப் போட்டாலும் சேறும் மலக்கழிவும் துளைகளை ஒரு நாளில் அடைத்துவிடும். சந்து முனையில், பட்டறை நீர் மற்றதோடு கலக்கும் முன்பே பிடிக்க வேண்டும். முதலில் தொட்டியில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, எண்ணெயை வழித்தெடுத்து, பிறகுதான் கரி அல்லது கல். சின்னப் பட்டறைக்காரரால் தனியாக முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

விற்பவர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. கல் அழுக்கை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011-ல் கதிர்வீச்சுள்ள சீசியத்தைப் பிடிக்க நிலவறைகளில் சியோலைட் மூட்டைகளைப் போட்டார்கள். கல் தன் வேலையைச் செய்தது. ஆனால் பத்து ஆண்டுகள் கழிந்தும் அந்த மூட்டைகளை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. மனிதர் கிட்டப் போக முடியாத அளவு கதிர்வீச்சு.

ரயில்வேயில் தண்ணீர் மென்மையாக்கும் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டபோது நாங்கள் செய்ததெல்லாம் ஒரு பதிவேடு வைத்ததுதான்: எத்தனை லிட்டர் ஓடியது, உப்புநீர் விட்டுக் கழுவிய தேதி என்ன, யார் கையெழுத்து. கழுவும் தேதி தவறினால் உள்ளே போகிற நீரே வெளியே வரும். டேங்க் மட்டும் பார்வைக்கு அழகாக நிற்கும்.

சீரமைப்புத் திட்டத்தில் இந்தப் பட்டறைகள் தாராவியிலேயே இருந்தாலும் சரி, வேறிடம் போனாலும் சரி, பேச்சு வீட்டுச் சதுர அடியோடு நிற்கக் கூடாது. பட்டறைச் சாக்கடைக்குத் தனிக் குழாய் உண்டா, நிறைந்துபோன மூட்டையை எந்த வண்டி எடுக்கும், எந்தச் சூளையில் எரிக்கும், செலவு யார் தலையில் என்று நம் சங்கத்தார் எழுதிக் கேட்க வேண்டும். வரைபடத்தில் அந்தச் சூளைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.