மேட்டில் வீடு, பள்ளத்தில் வெள்ளம்

ஆயர் ஈத்தாமில் புதிய அடுக்கு வீடுகள் எழுவதை நாம் எதிர்க்கவில்லை. தொழிலாளிக்கும் வீடு வேண்டும். ஆனால், மேட்டில் விழும் மழையை எங்கே விடப் போகிறீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் ஏறக்குறைய 22,600 கேலன் தண்ணீர். மண்ணும் மரமும் இருந்தால் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். சிமெண்டுத் தரை குடிக்குமா? அத்தனையும் ஒரே மூச்சில் ஆயர் ஈத்தாம் ஆற்றில் விழுந்து, பினாங்கு ஆற்றில் கலந்து, தாழ்ந்த வீடுகளில் புகுகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பேய்மழையில் பினாங்கில் ஏழு உயிர்கள் போயின. அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பார்கள். சரி, பி. ராம்லி சாலைப் பக்கம் சாதாரண மழைக்கே நீர் ஏறிய நாட்கள் உண்டே, அதற்கென்ன பதில்?

சரிவில் படி வெட்டி, குழி தோண்டி, கொடி படரவிட்டு மழையை நிறுத்துவது பால் வெட்டும் தோழருக்குப் புதிதல்ல. நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் விதிநூலும் 2001 முதல் இதைத்தான் சொல்கிறது: கட்டிய பின் பாயும் உச்ச நீர், கட்டுமுன் பாய்ந்ததை மிஞ்சக்கூடாது. மிஞ்சுவதைத் தேக்கக் குளமோ தொட்டியோ வேண்டும்.

காகிதத்தில் குளம் இருந்தால் போதுமா? வண்டல் வாருவது யார், செலவு யாருடையது? வெள்ள ஆய்வறிக்கையை அனுமதிக்கு முன்பே கீழ்ப்பகுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கிராணித் தோழர்கள் படித்து மற்றவர்க்குச் சொல்லட்டும். குளம் முடியும்வரை வீட்டுச் சாவி கொடுக்கலாகாது என்று கோருகிறோம்.