கும்பிடுபூச்சியின் வாரிசு யார்?

சில்வண்டு ஒன்றைக் கும்பிடுபூச்சி முன்காலால் கொக்கி போட்டுப் பிடித்ததாம். அதைக் கண்டே வாங் லாங் என்பவர் புதிய குங்ஃபூ வகுத்தார் என்பது சீனாவில் ஷாண்டுங் மாகாணத்துக் கர்ணபரம்பரைக் கதை. அவர் சோங் காலத்தவர் என்பர் சிலர். மிங் என்பர், சிங் என்பர் வேறு சிலர். எத்தனை நூற்றாண்டு வித்தியாசம்! ஆயினும், 'எங்கள் பரம்பரையே அசல்' என்ற வழக்கு மட்டும் ஓய்ந்தபாடில்லை.

ஏழு நட்சத்திரம், பிளம் மலர், ஆறு இசைவு என வடக்கே கிளைகள் பல. தெற்கே ஹக்கா மக்களின் கும்பிடுபூச்சி முறைக்கோ பெயரில் மட்டுமே உறவு. ஏழு நட்சத்திர ஆசான் லோ குவாங்யூ 1919-ல் ஷாங்காய் சிங்வூ சங்கத்தில் பலருக்கும் கற்பித்தார். பின்னர் ஹாங்காங்கிலும் கற்பித்தார். அவருடைய சீடர்கள் வழியே வித்தை கடல் கடந்தது.

எதிரியின் மணிக்கட்டைக் கொக்கிக் கையால் பற்றி இழுத்து, அதே மூச்சில் அடிக்க வேண்டும். இதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். தனி ஆட்டங்களை மட்டும் பெருக்கிக்கொண்டு ஜோடிப் பயிற்சியைக் கைவிட்ட கூடத்தில், சுவரில் மாட்டிய குரு பரம்பரைப் படம் யாரைக் காப்பாற்றும்? பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர் அந்தப் படத்தை அப்புறம் பார்க்கலாம். அங்கே எத்தனை ஜோடிகள் கைகோத்துப் பழகுகின்றன என்று முதலில் ஒரு மாலை எட்டிப் பார்க்கட்டும்.