முதலில் எடைச் சலுகை, பிறகு கட்டாயம்

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் சுற்றுவட்டாரத்தில் ஏற்றுமதிக்குத் தைக்கும் பனியன் கம்பெனிகளில் ஊசி ஒடிந்தால் உடனே புது ஊசி கிடைத்துவிடாது. ஒடிந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, சேர்த்து வைத்துப் பார்த்து, முழு ஊசியும் கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகே பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டுவார்கள். அதற்கப்புறம்தான் அடுத்த ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த மிஷினைச் சுற்றிக் கிடக்கும் பீஸ்களை எல்லாம் தனியே ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் சட்டைத் தொப்பியில் கயிறு கோர்க்கக் கூடாது என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது. அதை இங்கே யாரும் விவாதிப்பதில்லை. கயிற்றோடு போனால் சரக்கு திரும்பி வரும், பணம் வராது என்பது டெய்லர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

குழந்தையின் சட்டைக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பு, ஆளையே ஆகாயத்தில் ஏற்றும் சின்னஞ்சிறு விமானங்களிலும் சாகச விளையாட்டுகளிலும் இல்லை. 2017-ல் கோவையில் பாராசெயிலிங் நிகழ்ச்சி ஒன்றில் மேலே போனவர், உடலைத் தாங்க வேண்டிய பட்டையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து இறந்தார். அந்த வீடியோ பல நாள் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. பிறகு மறந்துபோனோம். 2020 பிப்ரவரியில் பஞ்சாபின் பாட்டியாலாவில் என்.சி.சி. மாணவரை ஏற்றிச் சென்ற மைக்ரோலைட் விமானம் விழுந்ததில், ஓட்டிய விமானப்படை அதிகாரி உயிரிழந்தார், மாணவர் காயமடைந்தார். ஒன்று தனியார் நிகழ்ச்சி, மற்றொன்று அரசுப் பயிற்சி.

கொங்கு மண்டலத்துக்கும் இந்தச் சிறு விமானங்களுக்கும் தொடர்பு புதிதல்ல. நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்து, மாருதி என்ஜினை வைத்து எளிய விலையில் பந்தயக் கார் கட்டலாம் என்று செய்து காட்டியவர் கோவை கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் இருக்கும் பந்தயத் தடம் முன்பு விமான ஓடுபாதையாக இருந்த இடம். பட்டறையில் கையில் கிடைத்ததை வைத்து எதையும் செய்து பார்த்துவிடுவது இந்த மண்ணின் குணம். பம்ப்செட்டும் கிரைண்டரும் அப்படித்தான் வந்தன. ஆனால் பம்ப்செட் பழுதானால் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

மைக்ரோலைட் என்றும் சொல்லப்படும் அல்ட்ராலைட் என்றால் என்ன? அலுமினியக் குழாய், மேலே துணி, பின்னாலோ முன்னாலோ ஒரு சிறு என்ஜின், ஒன்றோ இரண்டோ இருக்கை. எடையைக் குறைப்பதே இதன் வாழ்க்கை லட்சியம். குறைக்கும்போது முதலில் கழற்றப்படுவது பிரேக். மெதுவாக இறங்குகிற வண்டிதானே, புல்தரையில் தானாக நின்றுவிடும் என்பது வழக்கமான சமாதானம். புல்தரையில் அது ஓரளவு உண்மையும்கூட. தார் ஓடுபாதையில் அல்ல. இறங்கும்போது மட்டும்தான் பிரேக் வேண்டும் என்பதும் தவறு. கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்பும் வகைகளில், கிளப்புகிறவர் வண்டிக்கு வெளியே நிற்கிறார். த்ரோட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால், பிரேக் இல்லாத வண்டி ஆளில்லாமலேயே நகரத் தொடங்கும். சுழலும் விசிறிக்கு எதிரே யார் நின்றாலும் கதி ஒன்றுதான். புறப்படும் முன் என்ஜினை உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு இரண்டு இக்னிஷனையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் இல்லையென்றால் வாலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், இல்லையேல் அந்தச் சோதனையையே விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக மொபெட்டின் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் முந்திப் பிடித்தால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பிச் சுழலும். வாலில் சக்கரம் உள்ள வகையில் சட்டென்று அழுத்தினால் மூக்கு தரையில் குத்தும். முன்சக்கரத்தில் மட்டும் வைத்தால், இறங்கிய கணத்தில் பாரம் பின்சக்கரங்களில் இருப்பதால் சரியாகப் பிடிக்காது. இரண்டு பின்சக்கரங்களிலும் சமமாக வேலை செய்யும், அளவோடு பிடிக்கும் டிஸ்க் பிரேக்தான் வேண்டும். சில கிலோ கூடும்.

இந்தச் சில கிலோவில்தான் சட்டத்தின் கோளாறு ஒளிந்திருக்கிறது. 1982-ல் அமெரிக்கா கொண்டுவந்த விதியின்படி அல்ட்ராலைட்டின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அவசரப் பாராசூட்டின் எடை இந்தக் கணக்கில் சேராது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே நாட்டின் விமானத் துறை விளக்கக் குறிப்பில் சீட் பெல்ட்டும் சக்கரப் பிரேக்கும் விமானத்தின் உடம்போடு சேர்ந்தவை, கணக்கில் வரும் என்று இருக்கிறது. பாராசூட்டுக்கு வரவேற்பு, பிரேக்குக்கு அபராதம். எடை வரம்பை ஒட்டி நிற்கும் தயாரிப்பாளர் எதைக் கழற்றுவார்? ஐரோப்பாவில் இரண்டு இருக்கை மைக்ரோலைட்டின் வரம்பு நெடுங்காலம் 450 கிலோவாக இருந்தது. பாராசூட் இருந்தால் 472.5 கிலோ வரை விட்டார்கள். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், அல்ட்ராலைட் என்றால் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் இருந்தே ஆக வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது.

இந்தப் பாராசூட் பிறந்த விதமும் சொல்லத்தக்கது. 1975-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் போரிஸ் போப்போவ் என்பவர், தன் ஹேங் கிளைடர் வானத்திலேயே குலைந்ததால், சுமார் 400 அடியிலிருந்து ஏரியில் விழுந்தார். பிழைத்தவர், 1980-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். கைப்பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டைப் பையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போகும்; விமானமே அதில் தொங்கியபடி இறங்கும். 1983-லேயே அது முதல் உயிரைக் காப்பாற்றியது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. விலை லட்சக்கணக்கில் வரும். மிகத் தாழ்வாகப் பறக்கும்போது விரிய நேரம் இருக்காது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மடித்துக் கட்ட வேண்டும், ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். ராக்கெட்டில் வெடிமருந்து இருப்பதால் கொண்டுவருவதற்கும் வைத்திருப்பதற்கும் தனி அனுமதிகள் வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் தாழ்வாகப் பறக்கும்போது உதவாது என்பதற்காக உயரத்தில் உதவுவதையும் வேண்டாம் என்று சொல்வது விதண்டாவாதம். விமானிக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிடும் என்கிறார்கள் சிலர். ஹெல்மெட்டுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நம் நாட்டில் இதைச் சரிசெய்ய இப்போது நேரம் கூடி வந்திருக்கிறது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்துள்ளது. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, மைக்ரோலைட், பாராமோட்டார், பாராகிளைடிங், பலூன் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்துக்குக் கீழே விதிகளை எழுதும்போது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் செய்ய வேண்டியது இது: முதலில் பாராசூட், சக்கரப் பிரேக், தோளோடு சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட் ஆகிய மூன்றின் எடையையும் வரம்புக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதைச் செய்த கையோடு மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. சலுகை தராமல் கட்டாயப்படுத்தினால், எடையைச் சரிக்கட்ட வேறு எங்காவது ஒரு குழாயை மெலிதாக்குவார்கள்.

உள்நாட்டிலேயே செய்வது என்றால் எங்கே? திருப்பூர் பின்னுவது பருத்தி பனியன் துணி, பாராசூட்டுக்கு வேண்டியது நெய்த நைலான் துணி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பட்டையும் தையலும் நமக்கு அந்நியமல்ல. பாக்கெட் ஓரத்தில், பெல்ட் லூப்பில், நூல் பிரியாமல் இருக்க நெருக்கமாகக் குறுக்கே ஓட்டும் பார்டாக் தையல் இங்கே எல்லா டெய்லருக்கும் தெரியும். மலையேறுகிறவரின் இடுப்புப் பட்டையிலும் அதே பார்டாக்தான் உயிரைத் தாங்குகிறது. நூலின் தடிமனும் தையல் எண்ணிக்கையும்தான் வேறு. ஆகவே குறை டெய்லரிடம் இல்லை. தைத்த பட்டை எத்தனை கிலோவில் அறுகிறது, வெயிலில் இரண்டு ஆண்டு காய்ந்தபின் எத்தனை கிலோவில் அறுகிறது என்று இழுத்துப் பார்த்துச் சான்று தரும் ஏற்பாடுதான் குறை. 2020-ல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அறிவிக்கப்பட்டது. கோவையில் ஜவுளி ஆராய்ச்சிக்கென்றே சிட்ரா இருக்கிறது. பெருமாநல்லூருக்குப் பக்கத்திலேயே ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா இருக்கிறது. இந்த மூன்றையும் இணைத்து, வான் விளையாட்டுப் பட்டைகளுக்கும் பாராசூட்டுகளுக்கும் ஒரு சோதனைக்கூடம் அமைக்க மாநில அரசு கேட்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் கேட்கலாம். 2025-ல் அமெரிக்க வரியில் அடிபட்ட பிறகு, பனியனுக்கு வெளியே எதையாவது பிடிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததுதானே.

விதிகள் டெல்லியில் எழுதப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. பொங்கல் விடுமுறை வந்தால் பொள்ளாச்சியில் பலூன், வேறு ஊர்களில் பாராசெயிலிங், பாராமோட்டார் என்று கூட்டம் கூடுகிறது. இவற்றுக்குத் தடையின்மைச் சான்று கேட்டு வரும் மனுக்களோடு, பட்டையும் பக்கிளும் கடைசியாக எப்போது, யாரால் சோதிக்கப்பட்டன, பாராசூட் எப்போது மடிக்கப்பட்டது, சக்கரம் உள்ளதென்றால் பிரேக் இருக்கிறதா என்ற தாள்களையும் மாவட்ட ஆட்சியர்கள் கேட்டு வாங்க வேண்டும். தாள் இல்லாத மனுவை அன்றே திருப்பி அனுப்ப வேண்டும்.